பதினோரிடத்தில் ஒரு சொல்

சிங்கப்பூர் வீழ்ந்த எண்பத்து நான்காம் ஆண்டு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் உள்ள ஒரு சமூக மண்டபத்தில், தனபாலன் தம் வாழ்வின் முதல் தமிழ்ச் சொற்பொழிவைத் தொடங்கினார். அவருக்கு வயது அறுபத்தொன்பது. மலேசியாவின் ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் பயின்று, ஆக்லாந்தில் முப்பது ஆண்டுகள் சாலைப் பொறியாளராகப் பணியாற்றி, ஓய்வு பெற்ற பின்னரே அவர் தமிழ் எழுதக் கற்றார். கையிலிருந்த இருபத்திரண்டு பக்கங்களை அவர் பட்டச் சான்றிதழைப் போலப் பிடித்திருந்தார்.

"இக்கட்டுரையின் ஒவ்வொரு சொல்லும் என் சொந்த உழைப்பு" என்று அவர் முகவுரையில் கூறினார்.

அது உண்மையன்று. மூன்று வாரங்களுக்கு முன், அவர் தம் கையெழுத்துப் படியை அருகிலுள்ள ஏவன்டேலில் வசிக்கும் விநாயகமூர்த்தியிடம் கொண்டு சென்றிருந்தார். விநாயகமூர்த்தி கிளிநொச்சியில் தமிழாசிரியராக இருந்தவர்; போர் முடிந்தபின் அகதியாக வந்தவர். அனைவரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தனர். அவர் சிவப்புப் பேனாவால் முதலில் ஒற்றுப்பிழைகளைத் திருத்தினார். ஏழாம் பக்கத்தில் பேனா நின்றது.

"தனபாலன், இதென்ன, 'வெள்ளைக்காரர் ஓடினார்கள்' எண்டு எழுதியிருக்கிறியள்?"

"ஓடிட்டாங்கதான் மாஸ்டர். எங்கப்பா கண்ணால பார்த்தாரு."

"அப்பா கண்டிருக்கலாம். எழுத்திலை படை ஓடாது."

"வேற என்னா செய்யும்?"

"தந்திரோபாயப் பின்வாங்கலை மேற்கொள்ளும்."

தனபாலன் அச்சொல்லை இருமுறை உச்சரித்துப் பார்த்தார். அத்தனை நீண்ட, அத்தனை கம்பீரமான சொல்லை அவர் அதுவரை எழுதியதில்லை. விநாயகமூர்த்தி பதினோரிடத்தில் 'ஓடினார்கள்' என்பதை அடித்து, அதன் மேல் அச்சொல்லை எழுதினார். சில வாக்கியங்களை முழுவதுமாகவே மாற்றினார். விடைபெறும்போது, "என்ர பேர் ஒரு இடத்திலையும் வரவேண்டாம்" என்றார். தனபாலன் அதனை அடக்கம் என்று கருதினார். கருதியதோடு, உள்ளூர மகிழவும் செய்தார்.

மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் இலங்கைத் தமிழர். விநாயகமூர்த்தி முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். திரையில் மலாயாவின் வரைபடம் ஒளிர்ந்தது. தனபாலன் நெடுஞ்சாலையைச் சுட்டுகோலால் வடக்கிலிருந்து தெற்காகத் தொட்டுக் காட்டினார். ஜப்பானியர் மிதிவண்டியில் வந்த விதத்தையும், ஒவ்வோர் அரணையும் நேரே முட்டாமல் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் சுற்றிப் பின்புறம் தோன்றிய விதத்தையும் பொறியாளருக்குரிய தெளிவுடன் விளக்கினார். கூட்டம் ஆர்வத்துடன் கேட்டது.

"ஜித்ராவில் இரண்டே நாள்களில் பிரித்தானியப் படைகள் தந்திரோபாயப் பின்வாங்கலை மேற்கொண்டன."

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கம்பாரில் நான்கு நாள் வீரத்துடன் போரிட்டபின், மீண்டும் தந்திரோபாயப் பின்வாங்கலை மேற்கொண்டன."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவர் திருநாவுக்கரசு; பேருந்து ஓட்டுநர். அருகிலிருந்தவரிடம் அவர் சொன்னது மண்டபம் முழுவதற்கும் கேட்டது.

"பொறு, ஆமியை உள்ள விட்டு அடிக்கப்போறாங்கள்."

பலர் சிரித்தனர். அது மகிழ்ச்சியான சிரிப்பன்று. இருமலைப் போல வறண்டிருந்தது. தனபாலனுக்கு விளங்கவில்லை. தம் உச்சரிப்பில் பிழை நேர்ந்ததோ என்று ஐயுற்று, அடுத்த பகுதியை மேலும் நிறுத்தி, மேலும் தெளிவாக வாசித்தார். அது சிலிம் ரிவர்ப் போர். அவருடைய குடும்பத்தின் போர். ஜனவரி ஏழாம் நாள் விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியாகவே உட்புகுந்து, மதியத்திற்குள் இரண்டு பிரிகேடுகளைச் சிதைத்தன. அவருடைய தந்தை அப்போது பதின்மூன்று வயதுச் சிறுவன். பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டுவோரின் பிள்ளை. அதற்கு முந்திய நாள் தோட்டத்துத் துரை கூலியாள்களை வரிசையில் நிறுத்தி, படை திட்டப்படி நகர்கிறது, யாரும் வேலையை விட்டுப் போகக் கூடாது என்று அறிவித்தார். மாலையில் துரையின் கார் தெற்கு நோக்கிப் போயிற்று. அடுத்த ஆண்டு தனபாலனின் பாட்டனார் ஜப்பானியரால் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார், திரும்பவில்லை. 'துரை ஓடினான், நாங்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம்' என்று தனபாலன் முதற்படியில் எழுதியிருந்தார். இப்போது அவர் வாசித்த பக்கத்தில், தோட்ட நிர்வாகமும் தந்திரோபாயப் பின்வாங்கலை மேற்கொண்டிருந்தது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இரண்டு பேர் எழுந்து வெளியேறினர்.

"ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

எழுந்து நின்றவர் அன்னபாக்கியம். ஏவன்டேலில் தனியாக வாழும் பெண்மணி. வயது அறுபதைக் கடந்தவர். அவர் சிரித்திருக்கவில்லை.

"அந்தச் சொல்லு உங்கட சொல்லோ?"

"ஏம்மா, தப்பா இருக்கா?"

"தப்பில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் ஏழு இடம் மாறினனான். பரந்தன் பறிபோகேக்கை இயக்கத்து றேடியோவிலை அதைத்தான் சொன்னவை. கிளிநொச்சி போகேக்கையும் அதுதான். விசுவமடுவிலை வச்சு என்ர தங்கச்சி கேட்டவள், 'அக்கா, ஆமிக்காரனிட்டைப் போவம், பிள்ளையளெண்டாலும் மிஞ்சும்' எண்டு. நான்தான் மறிச்சனான். றேடியோவிலை சொல்லுறாங்கள், பயப்பிடாதை எண்டனான்."

அவர் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அவளும் இல்லை, பிள்ளையள் ரெண்டும் இல்லை. நான் இருக்கிறன். அந்த வசனம் எனக்கு இண்டைக்கும் பாடம். சொல்லட்டோ?"

தனபாலன் தலையசைத்தார்.

"'எமது படையணிகள் தந்திரோபாயப் பின்வாங்கலை மேற்கொண்டு, சேதமின்றிப் புதிய அரண்களில் நிலைகொண்டுள்ளன. மக்கள் பதற்றமடையத் தேவையில்லை.' ஒவ்வொரு நாளும் இதுதான். ஊர்ப் பேரை மட்டும் மாத்துவினம்."

தனபாலனின் விரல் பதினாறாம் பக்கத்தில் இருந்தது. அவர் அடுத்து வாசிக்க வேண்டியது ஜனவரி முப்பத்தொன்றாம் நாள், கடைசிப் படையினர் சிங்கப்பூர்த் தீவுக்குள் சென்று பாலத்தைத் தகர்த்த நிகழ்ச்சி. 'பாலத்தை உடைத்தார்கள், நாங்கள் இந்தப் பக்கம் கிடந்தோம்' என்று அவர் எழுதியிருந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் அழகிய, சாய்ந்த எழுத்துகள் இருந்தன: 'பிரித்தானியப் படையணிகள் தந்திரோபாயப் பின்வாங்கலை மேற்கொண்டு, சேதமின்றிப் புதிய அரண்களில் நிலைகொண்டன. மக்கள் பதற்றமடையத் தேவையில்லை என அறிவிக்கப்பட்டது.'

அவர் அதனை இருமுறை படித்தார். பிறகு முதல் வரிசையை நோக்கினார். விநாயகமூர்த்தி தம் முழங்கால்களின் மேல் வைத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் எழுதினது எண்டுதான் கேக்கிறன்" என்றார் அன்னபாக்கியம். "அந்த வசனம் எழுதினவனை ஒருக்காக் காணவேணும். தெரிஞ்சு எழுதினவனோ, தெரியாமல் எழுதினவனோ எண்டு கேக்கவேணும். தெரியாமல் எழுதினவன் எண்டால், நான் மறிச்சதும் தெரியாமல் மறிச்சதுதான். அவ்வளவுதான் எனக்கு வேணும். நீங்கள் இதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

பதில் ஐந்தடி தூரத்தில் அமர்ந்திருந்தது. அதனைச் சுட்டிக்காட்டினால், பதினேழு ஆண்டுகளாக அப்பெண் சுமந்த கேள்விக்கு விடை கிடைக்கும். அதே மூச்சில், தம் கட்டுரையின் சிறந்த வாக்கியங்கள் தம்முடையவை அல்ல என்பதும் ஐம்பது பேருக்கும் தெரிந்துவிடும். விநாயகமூர்த்தி தலைநிமிர்வார் என்று தனபாலன் காத்திருந்தார். அவர் நிமிரவில்லை.

"என்னோட சொல்லுதாம்மா" என்றார் தனபாலன். "அகராதியில பார்த்து எழுதினேன். மன்னிச்சுக்குங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியாது" என்று கூறி அன்னபாக்கியம் அமர்ந்தார். எஞ்சிய ஆறு பக்கங்களைத் தனபாலன் வாசிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின், நாற்காலிகளை மடித்து அடுக்கிய இடத்தில் விநாயகமூர்த்தி அவரிடம் வந்தார்.

"சொல்லியிருக்கலாம் நீங்கள்."

"நீங்க சொல்லியிருக்கலாம் மாஸ்டர்."

விநாயகமூர்த்தி ஒரு நாற்காலியை மடித்தார். அது சரியாக மடியவில்லை. மீண்டும் விரித்து மடித்தார்.

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"றேடியோவுக்கு முதல் தரம் நம்பி எழுதினன். கிளிநொச்சியோடை விளங்கிற்று."

"பிறகும் எழுதினீங்க."

"ஓம். பிறகும் எழுதினன்." அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. "அதிலை இலக்கணப் பிழை ஒண்டுமில்லை, தனபாலன்."

"என்னோட வாக்கியத்துலயும் பிழை இல்ல மாஸ்டர். ஓடினார்கள். எழுவாய் பலர்பால், பயனிலை பலர்பால்."

விநாயகமூர்த்தி அடுத்த நாற்காலியை எடுத்தார். அவ்வேளையில் அன்னபாக்கியம் கைப்பையுடன் வாசலிலிருந்து திரும்பி வந்தார். கோயிலானாலும் கூட்டமானாலும் அவரை ஏற்றி இறக்குபவர் விநாயகமூர்த்திதான். இருவர் வீடுகளும் ஒரே தெருவில் இருந்தன. அன்னபாக்கியம் தனபாலனின் கையைத் தொட்டார்.

"குறை நினையாதேங்கோ ஐயா. நீங்கள் மலேசியா, உங்களுக்கு எங்கட கதை தெரியாது. அடுத்த முறை எழுதினா மாஸ்டரிட்டை ஒருக்காக் காட்டுங்கோ. எந்தச் சொல்லு எங்கட சனத்துக்கு நோகும் எண்டு அவருக்குத் தெரியும்."

"சரிம்மா" என்றார் தனபாலன்.

"வாங்கோ மாஸ்டர், மழை வரப்போகுது."

விநாயகமூர்த்தி கார்ச் சாவியை எடுத்தார். அவர் முன்கதவைத் திறந்து பிடித்திருக்க, அன்னபாக்கியம் ஏறி அமர்ந்தார். கார் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தபோது கண்ணாடிக்குள் அவர் எதையோ கூறிக்கொண்டிருப்பதும், விநாயகமூர்த்தி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைப்பதும் தெரிந்தன.