பை ஆன்ட்டிக்கு ஒரு விருது

இயக்குநர் கூப்பிடுகிறார் என்றதும் பை ஆன்ட்டி கோப்பை மூடிவிட்டு எழுந்தாள். குழந்தைகள் நலத்துறையில் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாயிற்று. அந்த அறைக்குள் போய் ஒரு நல்ல சேதியோடு அவள் திரும்பியதாக நினைவில்லை. அவள் தோளில் எப்போதும் ஒரு பெரிய துணிப்பை தொங்கும். மாற்று உடுப்பு, பிஸ்கட், புது பல்துலக்கி எல்லாம் அதற்குள் இருக்கும். வீட்டைவிட்டு அவசரமாகக் கூட்டிவரப்பட்ட ஏதோ ஒரு பிள்ளை வைத்த பெயர்தான் 'பை ஆன்ட்டி'. அலுவலகமும் அப்படியே பிடித்துக்கொண்டது.

"உக்காருங்க. உங்களப் பத்தி ஒருத்தங்க எழுதியிருக்காங்க," என்று இயக்குநர் ஒரு தாளை நீட்டினார்.

கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும், புகார்தான் என்று முடிவுகட்டிவிட்டாள். துணி ஆலையில் தையல் வேலை பார்க்கும் ஒரு தாய் எழுதியது. நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய ஆறு வயது மகளின் கையை, பெற்ற அப்பனே முறித்தான். மறுநாள் அந்தக் குழந்தையைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனது பை ஆன்ட்டிதான். "நீ நல்லாவே இருக்க மாட்டே!" என்று வண்டிக்குப் பின்னால் தெருமுனைவரை ஓடிவந்தாள் தாய்.

கடிதம் வேறு மாதிரி இருந்தது. 'அன்னிக்கு இவங்கள வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆனா பதினாலு மாசம், வாரா வாரம் எம்பொண்ணப் பாக்க என்னைக் கூட்டிட்டுப் போனது இவங்கதான். அந்த ஆள விட்டு வந்தப்ப எனக்குத் தனி வீடு பாத்துக் குடுத்ததும், கோர்ட்டுல எனக்காகப் பேசினதும் இவங்கதான். இப்ப எம்பொண்ணு எங்கூட இருக்கா. வருஷா வருஷம் விருது குடுப்பீங்களாமே. இவங்களுக்குக் குடுங்க.'

பை ஆன்ட்டி தாளை மடித்து மேஜைமேல் வைத்தாள். "சார், வேற யாருக்காவது…"

"அதெல்லாம் முடிவாயிடுச்சு. மாணவர் பிரிவுல நம்ம பயிற்சிப் பொண்ணுக்கும் உண்டு."

பயிற்சிப் பெண் சமூகப்பணி படிக்கும் கல்லூரி மாணவி. வந்த முதல் வாரமே கழிவறையில் போய் அழுதாள். இது தாக்குப்பிடிக்காது என்று எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். அவளோ காப்பகத்தில் வாயே திறக்காமல் இருந்த இரட்டையர் பக்கத்தில் மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்து, கடைசியில் அவர்களைச் சண்டைபோடும் அளவுக்குப் பேச வைத்துவிட்டாள்.

விழா அன்று காலை அரங்கத்து வாசலில் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். மகளுக்கு இப்போது பத்து வயது. பை ஆன்ட்டியைக் கண்டதும் வெடுக்கென்று தாயின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். "நான் வர மாட்டேன்மா. வர மாட்டேன்."

தாய்க்கு முகம் செத்துவிட்டது. "அடியே, வணக்கம் சொல்லுடி. இவங்கதாண்டி நமக்கு…"

"விடும்மா. பயப்படறது நியாயந்தானே." பை ஆன்ட்டி எட்டி நின்றபடியே குனிந்தாள். "பாப்பா, இன்னிக்கு நான் யாரையும் கூட்டிட்டுப் போக வரல."

சிறுமி நம்பவில்லை. தாயின் துணியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

அதற்குள் இயக்குநர் போட்டோக்காரரோடு வந்துவிட்டார். "குழந்தையும் மேடைக்கு வரட்டும். பேப்பர்ல பிரமாதமா வரும்."

"வேண்டாம் சார்."

"ஒரே ஒரு போட்டோதானே?"

"இந்தப் புள்ளைய ஏத்தினா நான் ஏற மாட்டேன்."

இத்தனை வருடத்தில் அவள் அப்படி எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. இயக்குநர் விறைத்துப்போய் உள்ளே நடந்தார். "நான் இவகூட வெளிய இருக்கேன் மேடம்," என்றாள் பக்கத்தில் நின்றிருந்த பயிற்சிப் பெண்.

"உன் பேரும் கூப்பிடுவாங்களே?"

"கூப்பிடட்டும்."

அந்த அக்காவோடு இருக்கச் சிறுமி தலையாட்டிய பிறகே தாய் உள்ளே போனாள். மேடையில் பயிற்சிப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை. யாரும் வரவில்லை. கூட்டம் சலசலத்தது. ஒலிவாங்கி என்றாலே பத்தடி தள்ளி நிற்கும் பை ஆன்ட்டி எழுந்துபோய் அதைப் பிடித்தாள். "அவ வெளிய ஒரு குழந்தைகூட இருக்கா. இங்க வந்து நிக்கறதவிட அது முக்கியம்னு அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவளுக்கே தெரிஞ்சிருக்கு. அவ விருத எங்கிட்ட குடுங்க, நான் சேத்துடறேன்." முன்வரிசையில் இருந்த தையல்காரத் தாய்தான் முதலில் கைதட்டினாள்.

இரண்டு விருதுகளையும் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தால், தரையில் கட்டம் கிழித்து இருவரும் நொண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சிப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. சிறுமி இந்த முறை ஒளியவில்லை, கிட்டேயும் வரவில்லை. கட்டத்துக்குள் நின்றபடியே கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போகல?"

எந்த நீதிபதியும் கேட்காத கேள்வி. சட்டத்தைச் சொல்லலாம், சமாதானம் சொல்லலாம். பை ஆன்ட்டி இரண்டையும் விட்டுவிட்டாள்.

"ரெண்டு பேரையும் சேத்து வைக்க எங்ககிட்ட ஒரு இடம் இல்ல, பாப்பா. இருந்திருக்கணும். எங்க மேல தப்புதான்."

சிறுமி குனிந்து சில்லை எடுத்தாள். "சரி," என்றாள். பிறகு பயிற்சிப் பெண்ணைக் கைகாட்டி, "இந்த அக்கா கோட்ட மிதிச்சிட்டு மிதிக்கலேன்னு பொய் சொல்றாங்க," என்று புகார் சொன்னாள்.

அடுத்த வாரம் பை ஆன்ட்டியும் பயிற்சிப் பெண்ணுமாக உட்கார்ந்து, தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்க ஒரு விடுதி வேண்டும் என்று நாலு பக்கம் எழுதிக் கொண்டுபோனார்கள். போட்டோ விஷயத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த இயக்குநர் முதலில் வேண்டாவெறுப்பாகப் படித்தார். இரண்டாம் தடவை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை ரூம் வேணும்?" என்றார்.