பத்து மணிப் பள்ளம்

அச்சகக்காரர் மொட்டை மாடியில் பத்து சோலார் பலகை போட்ட அன்று, பக்கத்து வீட்டுச் சகலை ஊரே கேட்கச் சொன்னார்: "வெயில்ல துணி காயும் அண்ணே, கரண்ட் எங்க வரும்?" சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். அச்சகக்காரர் மறக்கவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

ஆண்கள் முறைத்துக்கொள்ளட்டும், அக்கா தங்கை என்ன பாவம் செய்தார்கள்? கீழே அச்சு மெஷின் ஓடத் தொடங்கியதும், பத்து மணிக்கு அச்சகக்காரர் மனைவி மாடியேறுவாள். தங்கை அந்தப் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருப்பாள். அரை மணி நேரம். மனசுவிட்டுப் பேச அக்காவுக்கு வேறு நாதியில்லை. அவரைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

ஒரு நாள் அவர், பலகையில் வரும் கரண்டைக் கோடாகக் காட்டும் போனை மனைவியிடம் நீட்டினார். "பாரு, காலையில ஏறி, உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்குது. மலை மாதிரி. ஆனா தினமும் பத்து மணிக்கு ஒரு பள்ளம்!"

பத்து மணி என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் நாலு மணிக்குப் போனாள். பள்ளமும் நாலு மணிக்குப் போயிற்று.

"கோளாறு நேரத்தை மாத்துதுடி!" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் சுற்றிப் பார்த்தார். "இன்வெர்ட்டர் பெட்டியில கோளாறு ஒண்ணுமில்ல சார். வெளிச்சம் பட்டாதான் பலகையில கரண்ட் ஊறும். பத்தையும் சங்கிலியா கோத்திருக்கோம். ஒண்ணுமேல நிழல் விழுந்தா மொத்த வரிசையும் சோர்ந்துடும்." கடைசிப் பலகைக்கு முன்னால், சுவரோரம், ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. "இங்க யாரோ தினமும் ஏறி நிக்கிறாங்க, அந்த நிழல்தான்."

தண்ணீர்ச் செம்போடு நின்ற மனைவி செம்பைக் கீழே வைத்தாள். இனி மாடிக் கதவுக்குப் பூட்டுதான்.

அச்சகக்காரர் வாளியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"இந்தப் பலகையைக் கழட்டி அந்தக் கோடியில மாட்டுப்பா."

"எதுக்கு சார் வீண் வேலை? வர்றவங்களைத் தள்ளி நிக்கச் சொன்னாப் போதுமே."

"சுவர் இங்கதானே இருக்கு?"

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்பேனரை எடுத்தார்.

படியிறங்கும்போது அச்சகக்காரர் மனைவியிடம் முணுமுணுத்தார்: "அக்காளும் தங்கையும் கொஞ்சம் மெதுவா சிரிங்க. மெஷின் சத்தத்தையும் மீறிக் கீழ கேக்குது."

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்றாள்.

"பலகை போட்டதிலேர்ந்து." இரண்டு படி இறங்கி நின்றார். "உன் தங்கச்சி புருஷன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."