சுளகு மூடிய தடம்

சபூறா தன் மருமகனோடு ஒருநாளும் நேரே கதைத்ததில்லை. கோபம் ஒன்றும் கிடையாது. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது மரியாதையில்லை என்பது வழக்கம். அவளுடைய உம்மாவும் அப்படித்தான் இருந்தாள். மருமகன் ஜவுபர் பொத்துவில்காரன். சபூறாவின் ஒரே மகள் ஸுலைஹாவைக் கலியாணம் முடித்து, ஊர் முறைப்படி மருதமுனைக்குப் பெண் வீட்டோடு குடிவந்து பதினொரு மாதமாகிறது. அவன் முன்னறையில் இருப்பான். அவள் திரைச்சீலைக்கு உள்ளே நிற்பாள்.

"மகள், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா எண்டு கேளு."

"போதும் எண்டு சொல்லு," என்பான் ஜவுபர்.

நாலடி தூரம். இருவருக்கும் எல்லாம் கேட்கும். ஆனாலும் ஸுலைஹா நடுவில் நின்று, இந்தப் பக்கச் சொல்லை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். "நான் இந்த ஊட்டுக்குப் புள்ளையா, தபால் கந்தோரா?" என்று சில நாள் அலுத்துக்கொள்வாள்.

மருமகனின் முகத்தைவிட அவன் காரின் தடம்தான் சபூறாவுக்குப் பழக்கம். கல்முனைச் சந்தியில் அவன் வாடகைக்கு ஓட்டும் மொறிஸ் மைனர் அது. பின்னேரம் வந்ததும் காரைத் திருப்பி, பின்பக்கமாக வளவுக்குள் எடுத்து விடுவான். விடிய யாரும் அவசரமாகக் கூப்பிட்டால் நேரே வெளிக்கிடலாம். அதனால் முன்சில்லுகள் கடைசியாக உருண்டு வந்து, பின்சில்லுகளின் தடத்துக்கு மேலே தங்கள் அச்சை வைத்துவிட்டு நிற்கும். சுபஹு தொழுதுவிட்டுச் சபூறா விளக்குமாற்றோடு முற்றத்தில் இறங்கும்போது, ஈர மணலில் அந்த அச்சு புதுத் துணி விரித்ததுபோலக் கிடக்கும்.

அவள் தறிக்காரி. பதின்மூன்று வயதிலிருந்து சாரன் நெய்கிறாள். நடுவிலே வரிகள், இரண்டு ஓரத்திலும் பல்லுப் பல்லாகக் கரை. டயர்த் தடத்தையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். கூட்டிக் கலைக்கும் முன் மருமகனைப் பற்றி அதிலே கொஞ்சம் விளங்கிக்கொள்வாள். தடம் நெளிந்து கிடந்தால் ஆள் களைத்துப்போய் வந்திருக்கிறான். மீன் ஆணத்துக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடவேண்டும். கேற்றடியில் ஒரே வெட்டில் திரும்பியிருந்தால் நல்ல வாடகை ஹயர் கிடைத்திருக்கிறது; ஒன்றும் கேட்கத் தேவையில்லை.

சூறாவளி அடித்த மறுவருஷம், யூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, இடப்பக்கத் தடத்தில் ஒரு கரையைக் காணவில்லை.

வெளிப்பக்கத்துப் பல்லுகள் வடிவாகப் பதிந்திருந்தன. நடுவும் சரி. காரின் வயிற்றுப் பக்கமாக இருக்கும் உட்கரை மட்டும் கையால் தடவிவிட்டதுபோல வழவழவென்று கிடந்தது. வலப்பக்கத் தடத்திலும் உட்கரை மெலிந்துதான் இருந்தது. ஆனால் அதில் பல்லு மிச்சமிருந்தது. சபூறா குனிந்து பார்த்தாள். வழவழப்புக்குள்ளே மெல்லிய கோடுகள், நெருக்கமாக, ஒன்றுக்கொன்று சரிந்து. நூல். டயருக்குள்ளேயும் நூல் வைத்திருப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் நூல் வெளியே தெரிந்தால் அடுத்தது கிழிசல்தான் என்பதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கார் பொத்துவிலுக்குப் போக இருந்தது. ஜவுபரின் தங்கை சரீபாவுக்குச் சனிக்கிழமை கலியாணம். ஸுலைஹாவும் போகிறாள், அவளுக்கு ஏழு மாதம். ஐம்பது மைல் ரோட்டு, சூறாவளியும் வெள்ளமும் கடித்துத் துப்பிய ரோட்டு. வினாயகபுரம் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு. அங்கே டயர் வெடித்தால்... சபூறா மீதியை நினைக்கவில்லை. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

ஜவுபர் முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"மகள், டயர் ஒண்டில உட்கரை இல்ல எண்டு சொல்லு. நூல் தெரியுது. அந்த டயரோட பொத்துவிலுக்குப் போகக் கூடாது எண்டு சொல்லு."

இரண்டு பக்கத்துச் சொற்களையும் கொண்டுபோகும் வழியில் கூர் மழுக்கிக் கொடுப்பது ஸுலைஹாவின் வழக்கமாகிவிட்டது. "டயர ஒருக்காப் பார்க்கட்டாம்," என்றாள்.

ஜவுபர் எழும்பிப் போய்ப் பார்த்தான். குந்தியிருந்து வெளிப்பக்கத்தைத் தட்டினான். பல்லுக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்த்தான். தினமும் அவன் கழுவித் துடைக்கிற பக்கம் அது. பளபளவென்றிருந்தது.

"கல்லு மாதிரி இரிக்கி," என்றான் திரும்பி வந்து. "சாரன் நெய்யிற ஆக்களுக்கு டயரும் சாரனாத்தான் தெரியும். நான் போய்த் தறியில பிழை சொல்றனா?"

"பார்த்தாராம் உம்மா. நல்லாரிக்காம்."

"மத்ததும் கேட்டிச்சி," என்றாள் சபூறா.

முன்னறையில் கோப்பை சத்தமில்லாமல் பீரிசுத் தட்டில் இறங்கியது.

புதன்கிழமையும் அதே தடம். கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. புருஷன் மீராமுகைதீன் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அவர் வயல்வாடியில், கலியாணத்துக்கும் வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். ஜவுபர் போனபிறகு சபூறா மகளைப் பிடித்தாள்.

"உம்மா, அவர் எத்தின வருஷமாக் கார் ஓடுறார்?"

"ஓடட்டும். டயருக்கு உட்பக்கம் எண்டு ஒண்டு இரிக்கிதானே? கழுவுற கை அங்க போறல்ல. வெளியால நிண்டு பார்த்தா எல்லாம் புதுசுதான்."

"அப்ப நீங்களே சொல்லுங்களன்."

"சீ! வெக்கங்கெட்ட கதை கதைக்காத."

வியாழக்கிழமை விடிய சபூறா முற்றத்தில் இறங்கினாள். கூட்டவில்லை. இடப்பக்கத் தடத்தில் ஆகத் தெளிவாகப் பதிந்த இடத்தைத் தேடினாள். அதன்மேல் சுளகைக் கவிழ்த்து, கோழி கிளறாமல் ஒரு செங்கல்லையும் தூக்கி வைத்தாள். பிறகு தறியடிக்குப் போய், யன்னல் இடுக்கால் முற்றம் தெரிகிற மாதிரி இருந்துகொண்டாள்.

முதலில் வேலிக்கு மேலால் பக்கத்துவீட்டுச் சபியா உம்மாவின் தலை வந்தது.

"என்னகா சபூறா, முத்தம் கூட்டல்லயா? காய்ச்சலா?"

"சுகமாத்தான் இரிக்கன்."

"மறுகா என்ன?"

"மறுகா ஒண்டுமில்ல. போய் அடுப்பப் பாருகா."

ஜவுபர் சாவியோடு படியில் இறங்கியவன் அப்படியே நின்றான். கூட்டாத முற்றத்தை அந்த வீட்டில் அவன் கண்டதேயில்லை. "ஸுலைஹா! மாமிக்கு என்ன?" என்று கூப்பிட்டான். அந்தக் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டதும் சபூறாவுக்குச் செவ்வாய்க்கிழமைச் சாரன் கதை பாதி மறந்துபோனது. அதற்குள் அவன் சுளகைக் கண்டுவிட்டான். கல்லை எடுத்து வைத்தான். சுளகைத் தூக்கினான்.

கனநேரம் பார்த்தான். விரலை வைத்துப் பார்த்தான். தடத்தோடு கண்ணைக் கொண்டுபோய்க் கார் வரைக்கும் பார்த்தான். பிறகு வெள்ளைச் சேட்டோடு மல்லாந்து படுத்து, காருக்குக் கீழே நுழைந்தான்.

வெளியே வந்தபோது முதுகெல்லாம் மணல். கையில், கிழவன் தாடி மயிர்போல இரண்டு மூன்று நூல்.

"மாமிட்டச் சொல்லு..." என்று தொடங்கினான். முதுகு மணலைத் தட்டினான். "ஒண்டும் சொல்லாத. நான் செல்லத்தம்பி பாஸிட கராஜுக்குப் போய்ட்டு வாறன்."

முற்றத்திலேயே ஜக்கு வைத்துக் காரை உயர்த்தி அந்த டயரைக் கழற்றி, பின்பெட்டியில் கிடந்த ஸ்பெயார் டயரைப் பூட்டிக்கொண்டுதான் போனான். பகல் சோற்றுக்கு வந்து, ஸுலைஹாவைப் பார்த்துக்கொண்டு, திரைச்சீலைக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னான்.

"போன மாசம் நிந்தவூர் மதகில இடிச்சன் தானே, அண்டைக்கே சில்லுக்குப் போற கம்பி வளைஞ்சிட்டாம். முன்சில்லு ரெண்டும் நேராப் பார்க்காம, ஆளுக்கொரு பக்கமா வெளியாலப் பார்த்துக்கிட்டு ஓடியிருக்கி. ரோட்டில உட்பக்கம் அரைஞ்சி அரைஞ்சி போச்சி. கம்பியை நிமிர்த்தியாச்சி. அது பரவாயில்ல. பாஸ் ஏசின ஏச்சிருக்கே! 'புது டயரப் பெட்டிக்குள்ள ரெண்டு வருஷமாத் தூங்க வெச்சிட்டு, நூல் போனதில ஓடுறியா? மூவாயிரம் மைலுக்கு ஒருக்கா முன்னால உள்ளதப் பின்னால போடு, பின்னால உள்ளத முன்னால போடு, ஸ்பெயாரையும் சேர்த்துச் சுத்து. அஞ்சும் ஒரே மாதிரித் தேயும்' எண்டார்."

"அப்ப பயணத்துக்கு ஸ்பெயார் டயர்?" என்று சபூறா கேட்டாள், மகளிடம்.

"ஸ்டாண்டில கார் ஓடுற நல்லரெத்தினத்திட்ட இரவல் எண்டு சொல்லு."

"உம்மா, நல்லரெத்தினத்திட்ட இரவலாம்," என்றாள் ஸுலைஹா. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை விடிய சபூறா தடத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும், இரண்டு கரையும், நிறைவாக இருந்தன. விளக்குமாற்றை எடுத்தவள், கேற்றடியில் நின்றுவிட்டாள். கார் வளைந்து திரும்பிய அந்த இடத்தில் முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு வழியில் போயிருந்தன. நாலு தடமும் பிரிந்து கிடந்தன. நாலில் ஒன்றுக்கு உட்கரை மெலிந்திருந்தது.

ஜவுபர் வெளியே வந்தபோது கேற்றடியில் சுளகு கவிழ்ந்திருந்தது.

"அல்லாஹ்வே!" என்று ஓடிப்போய்த் தூக்கினான். பார்த்தான். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். "ஸுலைஹா, அது வலப்பக்கம் முன்னால கிடந்த டயர் எண்டு சொல்லு. கொஞ்சந்தான் தேய்ஞ்சது. அதப் பின்னால மாத்தியிருக்கி. பின்னால போனா இனி உட்பக்கம் அரையாது. வெடிக்கவும் மாட்டாது."

திரைச்சீலை கொஞ்சம் விலகியது.

"பின்னால எந்தப் பக்கம் எண்டு கேளு."

"வலப்பக்கம்."

"அப்ப நீ இடப்பக்கம் குந்து மகள். வழியெல்லாம் இடப்பக்கமே குந்து."

ஸுலைஹா ஒன்றும் மழுக்காமல், ஒன்றும் கூட்டாமல், பின்சீட்டில் இடப்பக்கம் ஏறிக் குந்தினாள். மடியில் தயிர்ச்சட்டி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பிஸ்மில்லாஹ்" என்று ஜவுபர் காரை எடுத்தான்.

பயணம் போனவர்கள் போய்ச் சேரும்வரை முற்றம் கூட்டுவதில்லை. எப்போது போய்ச் சேர்ந்தார்கள் என்று அறிய வழியில்லாததால் சபூறா வெள்ளியும் கூட்டவில்லை, சனியும் கூட்டவில்லை. பூவரசம் இலை விழுந்து நிறைந்தது. சபியா உம்மா வேலிக்கு மேலால் இரண்டு தரம் பார்த்தாள். ஏச்சுக்குப் பயந்து ஒன்றும் கேட்கவில்லை. சபூறா தறியில் இருந்தாள். அந்த இரண்டு நாளில் நெய்த சாரனில் ஓரிடத்தில் வரி பிசகி, அவிழ்த்து மறுபடி நெய்ய வேண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தியில் ஹோர்ன் கேட்டது. கார் வந்து கேற்றடியில் நின்று, திரும்பி, பின்பக்கமாக மெல்ல வளவுக்குள் வந்தது. சபூறா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடப்பக்கக் கதவு திறந்தது. ஸுலைஹா இறங்கி, இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்து, பூவரசம் இலைகளை மிதித்து நடந்து வந்தாள். முகத்தில் கலியாண வீட்டுத் தூக்கக்கலக்கம். வேறு ஒன்றுமில்லை.

ஜவுபர் காருக்குப் பக்கத்தில் நின்று, தன் தடத்தைத் தானே குனிந்து பார்த்தான்.

"ஸுலைஹா, மாமிட்டக் கேளு. கரை எப்படியாம்?"

சபூறா தடத்தைப் பார்க்கவேயில்லை. அவள் கண் மகளின் காலடியிலேயே இருந்தது.

"நல்லாரிக்கி மகன்," என்றாள்.

கொண்டுபோக ஒரு சொல்லும் இல்லாமல் ஸுலைஹா வாயைத் திறந்தபடி உம்மாவைப் பார்த்தாள். ஜவுபர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. காது மட்டும் சிவந்தது.

சபூறா திரைச்சீலையை முகத்துக்கு இழுத்தாள்.

"எண்டு சொல்லு மகள்," என்றாள் அவசரமாக.