நனைத்துத் துப்பும் தண்ணீர்

எங்கள் கம்பெனியில் லைனில் நிற்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். விழுங்கினால் ஒண்ணுக்கு வரும். வந்தால் லைனில் மாற்றாள் வேண்டும். மாற்றாள் கேட்டு சூப்பர்வைசர் குப்புராஜிடம் போனால், "காலைல ஊட்லயே போய்க்கினு வர்றதுக்கு இன்னா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பான். அதற்கு நாக்கு வறண்டு கிடப்பதே மேல் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி அது. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் குவாலிட்டியில் இருக்கிறேன். என் அண்ணன் மனைவி கல்பனா லைனில் நிற்கிறாள். ஆரம்பாக்கத்திலிருந்து இருவரும் ஒரே ரயிலில் வருவோம்.

அந்த வாரம் அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் ரயில் ஏறினாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. "சூடுதான். எளநி குடிச்சா சரியாயிடும்" என்றாள். கிட்னி என்ற சொல்லை அவளிடம் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது.

மெடிக்கல் கேம்ப் நடந்த நாள். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் முன் வருடா வருடம் ரத்தமும் மூத்திரமும் எடுப்பார்கள். குடிக்காதவளுக்கு மூத்திரம் எங்கிருந்து வரும்? கக்கூஸ் கழுவும் சின்னப்பொண்ணு கையில்தான் அதன் சாவி இருக்கும். வயிறு நிறையக் குடிப்பவளும் அவள் ஒருத்திதான். அதனால் எல்லா டப்பாவையும் அவளே நிரப்பிக் கொடுப்பாள். போன வருடம் லைன் முழுக்கச் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்தது. பாதிப் பேர் பயந்துபோய் டீயில் சீனியை நிறுத்தினார்கள். சின்னப்பொண்ணு வேறு கான்ட்ராக்ட், அவளுக்கு டெஸ்டே கிடையாது. அவள் பாட்டுக்கு ஜிலேபி தின்றாள்.

அதனால் இந்த வருடம் என்னைப் பிடித்தார்கள்.

"ரம்யா, நீ ஏசி ரூம்ல குந்திக்கினு தண்ணி குடிக்கிற ஆளு. கொஞ்சம் ஊத்திக் குடும்மா, புண்ணியமாப் போவும்" என்றாள் லைனில் மூத்தவளான மணியம்மாள்.

"படிச்ச மூத்திரம்டி. பாஸாயிடும்" என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணியும் தன் டப்பாவை நீட்டினாள். அவள் சிரிக்கவில்லை.

"உனக்குத் தர மாட்டேன் அண்ணி. உன்னுதுதான் போவணும்."

"வந்தாத்தான குடுக்கிறதுக்கு? சொட்டு சொட்டா எரியுது. கலரு வேற..." குரலைத் தாழ்த்தினாள். "டீத்தண்ணி மாதிரி போவுதுடி. அத்தக் குடுத்தா வேலைய விட்டுத் தூக்கிடுவானுங்க."

"எத்தினி நாளா?"

"கத்தாத."

கத்தினேன். என் பாட்டிலை அவள் கையில் திணித்தேன். "குடி. உன் எடத்துல நான் நிக்கிறேன்."

வாய் நிறைய ஊற்றிக்கொண்டவள், பழக்கத்தில் துப்புவதற்குத் திரும்பினாள்.

"முழுங்கு அண்ணி!"

கண்ணில் நீர் முட்ட விழுங்கினாள். பாட்டிலைக் காலி செய்துவிட்டு, வெகுநேரம் சுவரோரம் உட்கார்ந்திருந்து, பிறகு கக்கூஸ் பக்கம் போனாள்.

குப்புராஜ் வந்தான். "குவாலிட்டி மேடத்துக்கு லைன்ல இன்னா வேல?"

"கல்பனா ஒண்ணுக்குப் போயிருக்கா."

"அதுக்கு நீ ஏம்மா..."

"ஒண்ணுக்கு சார். இன்னும் சத்தமாச் சொல்லணுமா?"

போய்விட்டான். ஆனால் அண்ணி வரவில்லை. பச்சை ஒயர் போக வேண்டிய இடத்தில் மஞ்சளைச் சொருகினேன். பிரித்தேன். மறுபடியும் மஞ்சள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்திருந்தால்? ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தபோது வந்தாள். டப்பாவைக் கைக்குள் மூடியிருந்தாள்.

கேன்டீனில் கேம்ப். 'தினமும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று கம்பெனியே பேனர் கட்டியிருந்தது. கிழித்துப் போடலாம் போல இருந்தது. அதன் கீழே மேசையில் மற்றவர்களின் டப்பாக்கள். நான் லைனில் நின்றுவிட்டதால் இந்த வருடமும் சின்னப்பொண்ணுதான் நிரப்பியிருந்தாள். எல்லாம் ஒரே வெளிறிய நிறம். அண்ணி கடைசியில் தன்னுடையதை வைத்தாள். லேப்காரர் ஸ்டீவன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருது?"

அண்ணியின் விரல்கள் என் மணிக்கட்டை நசுக்கின. இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்தேன்.

"என்னுது சார்."

"ஜுரம் இருக்குதா? இடுப்பு வலி?"

தலையாட்டினாள்.

"ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கினு இருக்காதீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." பிறகு மற்ற டப்பாக்களை வரிசையாகப் பார்த்தார். "அப்ப இதெல்லாம் யாருது?"

மணியம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"ஷிப்ட் முடிச்சிட்டுப் போவட்டும்" என்றான் குப்புராஜ்.

அண்ணியைத் தாங்கிப் பிடித்து கேட்டுக்கு வெளியே கூட்டிவந்தேன். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் கடையில் வாங்கிய தண்ணீரைக் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அங்க லேடீஸ் பாத்ரூம் தொறந்திருக்குமாடி?"

எனக்குத் தெரியாது.

"தொறந்திருக்கும். நீ குடி" என்றேன். அவள் தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.