இருக்கைக்குப் பின்னால் ஒரு வளைவு

சிறிய விமானங்களுக்கு ரேடியோவும் ஆன்டெனாவும் பொருத்துவது என் தொழில். மனிதர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. வயர்களோடு மட்டும்தான் இன்னும் பேச்சுவார்த்தை வைத்திருக்கிறேன். வயருக்கு ரோஷம் கிடையாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது, முக்கியமாக, வயர் யாருக்கும் சம்பந்தி ஆகாது.

என் சம்பந்தி டைல்ஸ் வியாபாரி. விமானம் ஓட்டும் உரிமம் வாங்கிய சூட்டோடு, ஒருவர் பின் ஒருவராக உட்காரும் பழைய இரட்டை இருக்கை விமானம் ஒன்றை வாங்கினார். முன் இருக்கை அவருக்கு. பின் இருக்கையில் முதலில் ஏறப்போவது தன் மருமகள்தான் என்று பார்த்தவரிடமெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். அந்த மருமகள் என் ஒரே மகள்.

ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகிற கேபிள் நைந்து போயிருந்தது. மாற்றித் தருகிறேன் என்றேன். மறுநாளே சம்பந்தி தன் விரல் தடிமனில் கறுப்புக் கேபிள் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் வந்தார்.

"சம்பந்தி, இதப் பாருங்க. நூறு மீட்டருக்கு எவ்ளோ சிக்னல் வீணாகும்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். உங்க பொடி வயர்ல வீணாகுறதுல பாதிகூட இல்ல."

"நூறு மீட்டருக்குச் சரிங்க சம்பந்தி. உங்க விமானம் நம்ம வீட்டு ஹால் நீளம்தானே இருக்கு. அந்த நீளத்துக்கு ரெண்டுலயும் வீணாகுறது ஒண்ணுதான்."

என் பொடி வயர் என்று அவர் சொன்னது ஆர்.ஜி. 400 என்கிற கேபிள். பழுப்பு நிறத்தில் மெலிந்து, பார்க்க நோஞ்சானாக இருக்கும். ஆனால் அதன் நடுக்கம்பியைச் சுற்றி இருப்பது ஒட்டாத வாணலியில் பூசுகிற டெஃப்லான். வெயிலில் இளகாது, எளிதில் தீப்பிடிக்காது. மேலே வெள்ளி பூசிய வலை இரண்டு அடுக்கு. நடுக்கம்பியும் ஒற்றைக் கம்பி அல்ல, பல இழைகள் சேர்ந்தது. எஞ்சின் எவ்வளவு அதிர்ந்தாலும் லேசில் முறியாது. அவர் கொண்டுவந்ததன் உள்ளே இருப்பது வெயிலில் இளகுகிற நுரை. நேராக ஓட விட்டால் அதுவும் நல்ல கேபிள்தான். ஒரு கோபுரத்து உச்சிக்கு இழுக்க வேண்டுமென்றால் நானே அதைத்தான் கேட்டு வாங்குவேன். இந்த விமானத்திலோ கேபிள் பின் இருக்கைக்குப் பின்னால், இரும்புச் சட்டத்தை ஒட்டி, சடாரென்று திரும்பியாக வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்கு இயல்பாக வருவதல்ல. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கற்றுக்கொண்டது.

"நீங்க பழகினதையே புடிச்சுத் தொங்குறீங்க," என்று சிரித்தார். "என் மருமக ஏறுற விமானம். எனக்கு இருக்கறதுலயே உசத்தியானது வேணும்."

நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவரே உட்கார்ந்து தன் கறுப்புக் கேபிளை ஓட்டிவிட்டார்.

எங்கள் ஹேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. கேபிளை ஓட்டியவர் அதன் மேல் தகடு போட்டு மூடக்கூடாது. வேறொருவர் முனையிலிருந்து முனைவரை கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். போட்டவர் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது, அதனால் இந்த ஏற்பாடு. தடவிக்கொண்டே போன என் கை, பின் இருக்கைக்குப் பின்னால் நின்றது. கேபிளை முழங்கை மாதிரி மடக்கி, பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிங் பிளேயரால் இழுத்து இறுக்கியிருந்தார். மேலே கண்ணாடிக் கூண்டு. விமானம் நாள் முழுக்க ஹேங்கருக்கு வெளியே வெயிலில் நிற்பது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது? கீழே இறங்கித் தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, கேபிள் விஷயத்துல மாமாவ ஏதாவது சொன்னீங்களா?"

"தொழில் விஷயமா நாலு வார்த்தை சொன்னேன். ஏம்மா?"

"சாப்பிட உக்காந்தா அதே பேச்சுதான். 'உங்கப்பாவுக்குத் தெரியாதது உண்டா'ன்னு என்னைப் பாத்துக் கேக்குறார். அவர் மகன் தட்டுல தலைய விட்டுக்கிட்டு இருக்கார். விட்டுடுங்கப்பா. நான்தான் இந்த வீட்ல இருக்கணும்."

"அந்த சீட்லயும் நீதானேம்மா உக்காரணும்?"

"ரேடியோ போச்சுன்னா விமானம் விழுந்துடுமா?"

"விழாது. ஆனா எதிர்ல ஒருத்தன் எறங்க வர்றான்னு யாராவது சொன்னா உங்களுக்குக் கேக்காது. நீங்க எங்க இருக்கீங்கன்னு அவனுக்கும் தெரியாது."

"மாமாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நான் சொல்லவில்லை. அவர் வெட்டிப் போட்டிருந்த மிச்சத் துண்டு ஒன்றை எடுத்தேன். அவர் மடக்கியதைப் போலவே மடக்கி, அதே மாதிரிப் பட்டையால் அதே இறுக்கத்தில் கட்டி, அவருடைய கேபிளுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். மூடுவதற்குத் திருகாணி வரவில்லை, எனக்கு முதுகு சரியில்லை என்று ஏதேதோ சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினேன். முதுகு பொய் இல்லை. வெயில் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் சம்பந்தி பொறுக்கமாட்டாமல் என் மகளையும் காரில் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "இன்னிக்கி மூடிடலாம் சம்பந்தி. நாளைக்கி நாங்க பறக்கறோம்."

நான் தொங்கவிட்டிருந்த துண்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். வளைவின் நடுவில் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை அவர் பக்கம் திருப்பினேன். வாயைத் திறக்கவில்லை. நட்டநடுவில் இருக்க வேண்டிய செம்புக் கம்பி, இளகிய நுரையை அமுக்கிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. வெளி வலையைத் தொட நூலிழைதான் பாக்கி. தொட்டுவிட்டால் ரேடியோ ஊமை.

சம்பந்தி பார்த்தார். முகம் சுண்டிப்போனது. புரிந்துவிட்டது அவருக்கு. புரிந்ததுதான் வினையாகிவிட்டது.

"அப்போ எனக்குத் தெரியாம சோதனை பண்ணியிருக்கீங்க."

"சம்பந்தி, உங்க கேபிள நான் தொடவே இல்ல..."

"என்னை மடையனாக்கணும், அதானே? அதுவும் என் மருமக முன்னால. நீங்க மூட வேண்டாம். வேற ஆள வெச்சு நானே மூடிக்கறேன். நாளைக்கிப் பறக்கத்தான் போறோம்."

சொல்லாதே என்று மகள் கேட்டுக்கொண்டது ஒரு பக்கம், அந்த ஓரத்துச் செம்பு ஒரு பக்கம். அவள்தான் மேசையருகே வந்தாள். துண்டைக் கையில் எடுத்து நகத்தால் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கேபிளோட நான் ஏற மாட்டேன்."

சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். மாமனாரை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை, அவரும் கேட்டிருக்கமாட்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஐயோ என்றும் இருந்தது.

சம்பந்தி கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு விமானத்துக்குள் குனிந்தார். பட்டை ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்டது. கறுப்புக் கேபிள் முழுவதையும் உருவித் தரையில் போட்டார். "உங்க இஷ்டப்படியே போடுங்க" என்றார். அந்த வாக்கியத்தில் சம்பந்தி என்ற சொல் இல்லை. காருக்குப் போய் எஞ்சினைக் கிளப்பினார்.

மகள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, கொஞ்ச நாளைக்கி நீங்க போன் பண்ணாதீங்க. நானே பண்றேன்."

"நான்தான் வாயே தெறக்கலியேம்மா."

"தெரியும்பா. நான்தானே தெறந்தேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். வந்தபோது முன்னால்தான் உட்கார்ந்து வந்திருந்தாள்.

கார் போன பிறகு பழுப்புக் கேபிளை அளந்து வெட்டினேன். முனைகளில் கனெக்டரை வைத்து அழுத்தி, இழுத்துப் பார்த்தேன், கழன்று வரவில்லை. சட்டத்தில் உரசாமலிருக்க ரப்பர் வளையம் போட்டு, பின் இருக்கைக்குப் பின்னால் அகலமாக, தாராளமாக ஒரு வளைவு கொடுத்தேன். வேலை சுத்தமாக வந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்து மூடப் பக்கத்து ஹேங்கர்க்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் முனையிலிருந்து முனைவரை தடவிவிட்டு, "பிரமாதம். யாரு பின்னால உக்காரப் போறாங்க?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.