லிங்கனா, டிமாய்னா?

கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. பாதிரியாரும் சம்மதித்துவிட்டார். எந்தக் கடையில் கேக் வாங்குவது என்பதில்கூட எங்களுக்குள் சண்டை வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில் குடியிருப்பது என்பதில்தான் நானும் டுவைனும் முட்டிக்கொண்டு நின்றோம்.

இருவருக்குமே அறுபதைத் தாண்டிய வயது. இருவருமே துணையை இழந்தவர்கள். நான் நெப்ராஸ்காவின் தலைநகரமான லிங்கனில் பிறந்தவள்; அங்கேயே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அவர் பக்கத்து மாநிலமான அயோவாவின் தலைநகரம் டிமாய்னில் பஸ் ஓட்டியவர். வெள்ளம் வந்த வருடம் இரண்டு ஊர்த் திருச்சபையாரும் சேர்ந்து ஒரு கிராமத்தில் சேறு வாரப் போனோம். அங்கே என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, சூடான காபியைக் கொடுத்தவர் டுவைன். அந்தச் சின்ன உபகாரத்தைக் கொண்டு கர்த்தர் இவ்வளவு பெரிய காரியத்தைத் தொடங்குவார் என்று யார் கண்டது!

இரண்டு ஊருக்கும் இடையே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். வெளியாள் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை எங்களிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"உங்க சட்டசபை மேல என்ன இருக்கு? தங்கம் பூசின கூரை," என்பேன் போனில். "எங்க சட்டசபைக் கோபுரத்து உச்சியில ஒரு விவசாயி சிலையா நின்னு விதை தூவுறான். எந்த ஊருக்கு உழைப்போட அருமை தெரியும்னு இதுலயே தெரியலையா?"

"விதைக்கிறவனைக் கோபுரத்துல ஏத்திவெச்சுட்டா வயல்ல யாரு வேலை பாக்குறது, அம்மணி?" என்பார் அவர்.

செப்டம்பரில் அவர் என் ஊரைப் பார்க்க வந்தார். அன்று எங்கள் பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டம். அப்படிப்பட்ட சனிக்கிழமையில் லிங்கனில் கைக்குழந்தைகூட எங்கள் அணியின் நிறமான சிவப்பைத்தான் உடுத்தும். இந்த மனிதர் பச்சை ஸ்வெட்டரோடு வந்து இறங்கினார். ரொட்டி வாங்கப் போன இடத்தில், "உடம்பு சரியில்லையா அண்ணே?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் அடைத்த எங்கள் ஊர் ரொட்டியை ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்ல" என்றார். எங்கள் பக்கத்தில் 'பரவாயில்லை' என்று ஒருவர் சொன்னால் தேவாமிர்தம் என்று அர்த்தம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆனால் கிளம்பும்போது அவர் மெல்லச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் மனசு வரலைன்னா, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவெப்போமா?"

எங்கள் வயதில் தள்ளிவைக்கும் கல்யாணம் நடந்தேறுமா? அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஆனாலும் இறங்கிவர முடியவில்லை. லிங்கனில் நான் தெருவில் நடந்தால், என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் கார்க் கண்ணாடியை இறக்கிக் கூப்பிடுவார்கள். டிமாய்னில் என்னை யாருக்குத் தெரியும்?

அக்டோபர் முப்பதாம் தேதி, என் முறைக்கு, நான் அங்கே போனேன். ஆற்றங்கரை, பழைய கடைத்தெரு என்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். கட்டடத்துக்குக் கட்டடம் மாடியிலேயே கண்ணாடிப் பாலம் போட்டிருந்தார்கள்.

"பனி கொட்டினாலும் கோட்டு இல்லாம ஊரைச் சுத்தலாம்," என்றார்.

"எங்க ஊர்ல கோட்டு வெச்சிருக்கோம்," என்றேன்.

பகலில் நன்றாகச் சிரித்தோம். முடிவு மட்டும் வரவில்லை. பொழுது சாயும் வேளையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் வீட்டு ஹீட்டர் அணைந்துவிட்டதாகப் போன் செய்ய, டுவைன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சற்று நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு கடற்கொள்ளையன், ஒரு ரோபோ, இரண்டு பேய்கள்.

"ஹாலோவீன் வேஷம் கட்டி மிட்டாய் கேக்குறது நாளைக்குத்தானே கண்ணுங்களா?"

கடற்கொள்ளையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "எங்க ஊர்ல இன்னிக்குத்தான். பிச்சைக்கார ராத்திரி!"

கதவருகே ஒரு பெரிய கிண்ணம் நிறைய மிட்டாய் இருந்தது. டுவைன் தனக்காக வாங்கி வைத்திருக்கிறார் என்றல்லவா நான் மனதுக்குள் கண்டித்திருந்தேன்! ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். ஒருவரும் நகரவில்லை.

"நாங்க இன்னும் ஜோக்கே சொல்லலையே," என்றது ரோபோ.

"சும்மா வாங்கினா அது நெஜமாவே பிச்சை," என்றான் கொள்ளையன். "டுவைன் தாத்தா ஜோக் கேக்காம ஒண்ணும் தர மாட்டாரு. நீங்க வெளியூரா?"

"ஆமாப்பா. சரி, சொல்லு."

"எங்கப்பா சமைச்சா மொதல்ல யாரைக் கூப்பிடுவோம்?"

"யாரை?"

"தீயணைப்பு வண்டிய!"

நான் சிரித்த சிரிப்பில் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் ஓடிவந்தது. ஒவ்வொருவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மேடைப் பேச்சாளர் மாதிரி நின்று சொன்னார்கள். பாதி ஜோக் புரியவே இல்லை. ஆனால் எனக்கு விலா வலித்தது.

கடைசியாக ஒரு சின்னப் பெண், சோளக்கதிர் வேடத்தில் வந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம் சொல்லு!" என்றார்கள். உதடு துடிக்க, எடுத்த மிட்டாயைத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டாள்.

"ஜோக் மறந்துபோச்சு. எனக்கு வேணாம்."

நான் படியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஜோக் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அதுவும் என் ஊரைக் கிண்டல் செய்வது. வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அவள் காதில் அதை ஓதினேன்.

அவள் நிமிர்ந்து நின்று கத்தினாள்: "லிங்கன்காரங்க ஏன் சிவப்புச் சட்டையிலேயே கல்யாணம் பண்ணிக்கிறாங்க?"

"ஏன்? ஏன்?"

"முடிஞ்சதும் நேரா மேட்சுக்கு ஓடணுமே!"

வாசலே அதிர்ந்தது. சோளக்கதிர் ஒரு மிட்டாயைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அடுத்த வருஷமும் நீங்க இருப்பீங்களா? நான் வேற ஜோக் கொண்டுவரேன்."

"இருப்பேன்டா கண்ணு."

கதவைச் சாத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. குழந்தைக்குக் கொடுத்த வாக்கைக் கடவுளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குதிக்க வேண்டும்போல இருந்தது.

அப்போது டுவைன் உள்ளே வந்தார். மார்பில் 'நெப்ராஸ்கா' என்று கொட்டை எழுத்தில் போட்ட சிவப்புச் சட்டையோடு!

"செப்டம்பர்லயே வாங்கி கார்ல ஒளிச்சுவெச்சிருந்தேன்," என்றார் மூச்சு வாங்க. "ஹீட்டரைப் பாத்துக்கிட்டிருக்கும்போது, உன்னைத் தெரியாத ஊர்ல தனியா விட்டுட்டு வந்துட்டோமேன்னு நெனச்சேன். வாழ்நாள் பூரா அப்படி விட்டுட மனசு வரல, ஆர்லிஸ். நான் லிங்கனுக்கே வந்துடறேன்."

"அதெல்லாம் முடியாது!" என்று கத்தினேன். "நான் இங்கதான் இருப்பேன். வாக்குக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"சோளக்கதிருக்கு!"

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி மணி அடித்தது. வாசலில் ஒரு குட்டிப் பூனைவேடக்காரன், இரண்டு வீடு தள்ளியிருந்து வந்தவன், டுவைனின் சட்டையைக் கண்டு பிரமித்து நின்றான்.

"டுவைன் தாத்தா! லிங்கன்காரங்க ஏன் சிவப்புச் சட்டையிலேயே கல்யாணம்..."

அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது என் ஜோக். டுவைன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உனக்கு யாருடா சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. இந்த வீட்டுல புதுசா வந்திருக்கிற அம்மா கண்டுபிடிச்சதாம்."

புதுசா வந்திருக்கிற அம்மா! டுவைன் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"குடும்மா," என்றார். "ரெண்டு கைப்பிடியா குடு."