ஹார்லிக்ஸ் வாங்காமல் வந்தவர்

சுனாமியில் செத்துப்போன மணவாளன், 2006 மாசியில், பக்கவாதத்தில் படுத்திருந்த தன் மச்சான் தட்சிணாமூர்த்தியைப் பார்க்க மஞ்சக்குப்பத்துக்கு வந்தார். ஹார்லிக்ஸ் வாங்கி வரவில்லை. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாட்டிலும் ஒரு யோசனையும் கொண்டு வந்திருந்தார்கள். அலமாரியில் இரண்டுக்கும் இடமில்லை. சிதம்பரத்தில் ஒரு டாக்டர், புவனகிரியில் ஒரு எண்ணெய் என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புருஷனைப் புரட்டிப் போட்ட மங்கலத்துக்குத் தூக்கம் என்பதே கிடையாது. ஒருநாள் கஞ்சி ஊட்டும்போதே கண் சொக்கி, அவர் புரையேறி நீலம் பாய்ந்து, மயிரிழையில் பிழைத்தார்.

மணவாளன் வேட்டியில் கடல்தண்ணீர் சொட்டச் சொட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "நீ போய்ப் படு பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். உயிரோடு இருந்தபோது தங்கச்சி வீட்டை எட்டிப் பார்க்காத மனுசன். மங்கலம் சாயங்காலம் வரை தூங்கினாள். எழுந்து பார்த்தால், புருஷனைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பவுடரும் போட்டிருந்தது. விரிப்பில் மட்டும் கொஞ்சம் மணல்.

செத்தவன் சும்மா வருவானா, கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கான் என்று தட்சிணாமூர்த்தியின் பெரியப்பா திருநாவுக்கரசு வாசலில் வேப்பிலை கட்டி, பழைய செருப்பையும் துடைப்பத்தையும் போட்டு வைத்தார். மணவாளன் மறுநாளும் வந்து, தாண்டாமல், வெயிலில் சொட்டிக்கொண்டே நின்றார். காயவேயில்லை. அந்த வாரத்திலேயே மங்கலத்தின் கையிலிருந்து கரண்டி மறுபடியும் நழுவியது. அவளே போய்ச் செருப்பையும் துடைப்பத்தையும் ஒதுக்கி, வேப்பிலையை அவிழ்த்தாள்.

"கூட்டிட்டுப் போறதா இருந்தா என்னை எழுப்பிச் சொல்லிட்டுப் போண்ணே. இப்ப நான் தூங்கணும்."

அவர் கூட்டிப் போகவில்லை. ஏறக்குறைய ஆறு வருஷம் மத்தியானம் தவறாமல் வந்தார். நாற்காலிக்கடியில் மங்கலம் ஒரு வாளி வைத்தாள். தெருவிலும் பழகிவிட்டது. 2011-இல், தானே புயலுக்கு முந்தின வாரம், மங்கலம் விழித்திருக்கையில், அவள் கையைப் பிடித்தபடியே தட்சிணாமூர்த்தி இறந்தார். அதன்பின் மணவாளன் வரவில்லை.

காரியம் முடிந்து தையும் பிறந்தது. புவனகிரியில் படுத்த படுக்கையாகக் கிடந்த தன் மாமியாரைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் ஞானாம்பாள் போன் செய்தாள். "அண்ணி, எங்கண்ணன் வந்து அத்தை பக்கத்துல உக்காந்திருக்கு."

மங்கலம், "ரெண்டு மணிக்கொரு தரம் பொரட்டிப் போடறாரா?" என்று கேட்டாள்.

"போடுது அண்ணி."

"அப்ப நீ போய்ப் படு."